பூசையில் வைத்த மருந்து

மூச்சு முட்டுகிற பிள்ளை முதலில் கையைத் தூக்க வேண்டும். டீச்சர் திரும்பிப் பார்க்கும்வரை தூக்கியபடியே இருக்க வேண்டும். பார்த்ததும் எழுந்து நின்று, "டீச்சர், எனக்கு மூச்சு முட்டுதுங்க டீச்சர், மருந்து அடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு மைதானத்தைத் தாண்டி ஆபீஸ் ரூமுக்குப் போய், கிளார்க்கிடம் மறுபடி அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தால் வாசலில் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பீரோ சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. என் மகள் படித்த பள்ளியில் அவளுடைய ஆஸ்துமா மருந்துக்கு இருந்த ஏற்பாடு இதுதான். மூச்சு இருந்தால்தானே ஐயா இவ்வளவு பேச்சும் பேச முடியும்? இதைக் கேட்டுக் கேட்டே என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெண் வந்து, "அக்கா, எம் பையன்கிட்ட இருந்து இன்ஹேலர ஸ்கூல்ல புடுங்கி வெச்சுக்கிட்டாங்க" என்று அழுதாள். இன்னுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ராசிபுரத்தில் இருந்தோம். நான் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது நம்பர் சுழற்றிப் பேசுகிற வசதி எங்கள் ஊருக்கு வரவில்லை. போனை எடுத்தால் எங்களில் ஒருத்திதான் பேசுவோம். யார் வேண்டும் என்று கேட்டு போர்டில் ஒயரைச் செருகி இணைப்போம். என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரே மகள் கோமதி, ஆறாம் வகுப்பு.

கோமதிக்குச் சின்ன வயதிலிருந்தே மழைக்காலம் வந்தால் நெஞ்சில் பூனை கத்தும். சளி என்றார்கள், கணை என்றார்கள். ஆடாதோடை, தூதுவளை, கற்பூரவல்லி எல்லாம் அரைத்து ஊற்றினோம். உயிர் மீனை விழுங்க வைக்கச் சொல்லி ஒருவர், கழுதைப்பால் கொடுக்கச் சொல்லி ஒருவர். எங்கள் போர்டில் பேசுகிறவர்கள்கூட, "அம்முணி, உம் புள்ளைக்கு இழுப்பாமா?" என்று ஆரம்பித்து ஒரு வைத்தியத்தைச் சொல்லிவிட்டுத்தான் நம்பரே கேட்பார்கள். கடைசியில் ஒரு கார்த்திகையில் உதடு கறுத்துப்போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் எக்ஸ்ரே எடுத்தார், ரத்தம் பார்த்தார், ஒரு குழாயைக் கொடுத்துப் பலம்கொண்டமட்டும் ஊதச் சொன்னார். பிறகு எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

"இது ஆஸ்துமா. நெஞ்சுக்குள்ள மூச்சுக் குழாய் சின்னச் சின்னதா கிளை பிரிஞ்சு போகுது. தூசி, புகை, பனிக் காத்து, இவளுக்கு எது ஒத்துக்கலையோ அது பட்டதும் குழாயைச் சுத்தியிருக்கற தசை இறுகிக்குது. உள்பக்கம் வீங்கி, சளியும் கட்டிக்குது. காத்து எப்படியோ உள்ள போயிடும், வெளிய வர வழி கிடைக்காது. அது திணறி வர்ற சத்தம்தான் உங்களுக்கு விசில் மாதிரி கேக்குது."

"சைக்கிள் டியூப மடக்கிப் புடிச்ச மாதிரிங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. ராத்திரிக்கு ஒரு மாத்திரை, மத்தியானத்துக்கு ஒரு மாத்திரை, அப்புறம் கைக்கு அடக்கமாக ஒரு பம்ப் எழுதிக் கொடுத்தார். அதைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் கவ்வி, உள்ளே இழுத்துக்கொண்டே அமுக்க வேண்டும். மருந்து ஆவியாக நேரே நெஞ்சுக்குப் போய் இறுகின தசையைத் தளர்த்திவிடும். "இழுப்பு ஆரம்பிச்ச உடனே அடிக்கணும். தள்ளிப் போடப் போட, மருந்து உள்ள போகவே வழி இருக்காது. அதனால இது எப்பவும் இவ கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்" என்று கோமதியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கைக்கெட்டும் தூரம் என்ற அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் அதற்குப் பிறகு அத்தனை பேரிடமும் மல்லுக்கட்டினேன்.

முதல் சண்டை வீட்டிலேயே. என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு நங்கையா, பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். பம்ப்பைப் பார்த்ததும் அவருக்கு முகமே இருண்டுவிட்டது.

"அதப் போயி நாலு பேரு பாக்கப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடறயா? பொட்டப் புள்ளைக்கு இழுப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? யாராச்சும் கேட்டா ஈஸ்னோபீலியான்னு சொல்லு. அது எல்லாருக்கும் வருது."

"உசுரோட இருந்தாத்தானுங்க நங்கையா பொண்ணு கேக்க வருவாங்க?"

"வாயக் கழுவு" என்றார். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தூதுவளை ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அவரே வந்தார்.

பள்ளிக்கூடத்தில் முதலில் நன்றாகத்தான் போயிற்று. கோமதி பம்ப்பைப் பையிலேயே வைத்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் இவள் கை கழுவப் போன நேரத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் அதை எடுத்து, சென்ட் என்று நினைத்து ஆளாளுக்குச் சட்டையில் அடித்துக்கொண்டு மணக்கிறதா என்று முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். பாதி மருந்து காலி. நியாயமாக அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இது என்ன, எதற்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் என்ன செய்தார்? பம்ப்பைப் பறித்து ஆபீஸ் பீரோவில் பூட்டினார். சென்ட் அடித்தவர்களுக்கு ஒன்றுமில்லை, மூச்சு முட்டுகிறவளுக்குத் தண்டனை.

நான் போய்க் கேட்டேன். ஹெட்மாஸ்டர் கெட்டவர் அல்ல. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பிள்ளைகள் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதர். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது.

"ஏனுங்கம்மா, பொறுப்பா வெக்கோணும்னுதானுங்க பீரோவுல வெச்சிருக்கறேன். மருந்துச் சமாச்சாரம். வேற புள்ளைங்க அடிச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா என்ற தலையில்லீங்க உருளும்?"

"எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு தலைங்க சார் உருளும்?"

"அட, அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. கேட்டா எடுத்துக் குடுக்கப் போறோம். கிளார்க்கு எங்கீங்க போறாரு?"

கிளார்க் எங்கே போவார் என்று ஊருக்கே தெரியும். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குத்தான் போவார். அங்கே அவரைப் பார்த்துவிட்டால் எனக்கு போர்டில் கை ஓடாது. அந்த நேரத்தில் கோமதிக்கு இழுப்பு வந்தால் சாவி இங்கே டீ குடித்துக்கொண்டிருக்கிறதே என்றே நினைப்பு ஓடும். ஒரு தடவை தெருவுக்கே இறங்கிப் போய், "அண்ணா, நீங்க டீ குடிங்க, வடையும் தின்னுங்க, சாவிய மட்டும் டீச்சர்கிட்டக் குடுத்துட்டு வாங்க" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

மாத்திரை கதை தனி. மத்தியான மாத்திரையைக் கணக்கு டீச்சரிடம் கொடுத்து வைத்திருந்தேன். தங்கமான பெண். பச்சைப் பிள்ளைக்கு முழு மாத்திரை ஜாஸ்தி என்று அவராகவே பாவம் பார்த்துப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார். மிச்சப் பாதிகளைப் பத்திரமாக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து மாசக் கடைசியில் என்னிடமே நீட்டினார். டிரில் மாஸ்டருக்கு வேறு கொள்கை. ஓட ஓட மூச்சு பழகிவிடுமாம். இவர்கள் யாருமே என் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தவர்கள் அல்ல. ஆளுக்கொரு அன்பு வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னதை மட்டும் யாரும் செய்யவில்லை.

இப்படியே இருக்கும்போது ஆயுத பூசை வந்தது. மறுநாளிலிருந்து லீவு என்பதால் பள்ளிக்கூடத்தில் முந்தின நாளே பூசை போட்டார்கள். எங்கள் எக்ஸ்சேஞ்சிலும் அன்று காலையில்தான். போர்டைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கினோம். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்று லைனில் விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற இடத்தில் பூசை போட்ட ஆயுதத்துக்கு ஓய்வு. போர்டுக்கு ஏது ஓய்வு?

மூன்று மணிக்குமேல் பள்ளிக்கூட லைனில் விளக்கு எரிந்தது. எடுத்தேன்.

"அம்முணி, அந்த லேத் பட்டறைக்கு ஒரு கனெக்சன் குடும்மா. சுருக்கா" என்றது ஹெட்மாஸ்டர் குரல். அவர் கேட்டது என் வீட்டுக்காரர் பட்டறையை.

"சார், கோமதி அம்மா பேசறேனுங்க. என்னங்க ஆச்சு?"

"அடடே, நீங்களா? அம்மாகிட்டச் சொன்னாப் பதறுவாங்கன்னுதான் அப்பாவக் கூப்புட்டேன். ஒண்ணுமில்லீங்க. பாப்பாவுக்கு லேசா இழுக்குது. சாம்பிராணிப் பொகை ஒத்துக்கலியாட்ட இருக்குது."

"மருந்து அடிச்சாளுங்களா?"

"மருந்துங்களா..." என்று இழுத்தார். "மருந்து பூசையில இருக்குதுங்க."

எனக்குப் புரியவில்லை. "எங்கீங்க இருக்குது?"

"பூசையிலங்க. கிளார்க்கு எல்லாச் சாமானத்தோடயும் அதையும் எடுத்து வெச்சுட்டாரு. கற்பூரமும் காட்டியாச்சு. இனி விசயதசமிக்கு மறுபூசை போட்டுத்தான எடுக்கோணும்? அதான், பட்டறையில வேற இருந்தா அப்பா கொண்டாரட்டும்னு..."

"விசயதசமி வரைக்கும் எம் புள்ளைய மூச்சு விடாம இருக்கச் சொல்றீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்டுப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். பட்டறைக்கு லைன் போட்டு என் வீட்டுக்காரரை வரச் சொல்லும்படி அவளிடமே சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். வாசலில் யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் யாரோ அதை எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களாம்.

கோமதி வராந்தாவில் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளை ஏற்றி ஏற்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. பக்கத்தில் கணக்கு டீச்சர் முதுகைத் தடவியபடி அழுதுகொண்டிருந்தார். கையில் கோலி சோடா. இழுப்புக்குச் சோடா நல்லது என்று யாரோ சொன்னார்களாம்.

நான் நேராகப் பூசை அறைக்குள் போனேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூமி உருண்டை, மணி, ரப்பர் ஸ்டாம்பு, காம்பஸ், பிரம்பு, முதலுதவிப் பெட்டி, அதன் மேல் என் பிள்ளையின் பம்ப். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. பம்ப்புக்கும் வஞ்சனையில்லாமல் மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார் கிளார்க்.

"அம்மா, செருப்புங்க, செருப்பு" என்றார் அவர் பின்னால் நின்றபடி.

"ஏங்க, மருந்தக் கொண்டாந்து பூசையில வெப்பாங்களா?"

"மருந்தும் ஆயுதந்தானுங்களே. பாப்பாவுக்கு இந்த வருசமாச்சும் தீரட்டும்னு வேண்டிக்கிட்டுத்தானுங்க வெச்சேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அவரை என்ன செய்வது, சொல்லுங்கள்? அடிக்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

எடுத்துக்கொண்டு ஓடிவந்து கோமதி வாயில் வைத்து அமுக்கினேன். வரவில்லை. வாய்ப்பக்கம் வைத்த சந்தனம் காய்ந்து துவாரத்தை அடைத்திருந்தது. கொண்டை ஊசியை உருவிக் குத்தி, முந்தானையால் துடைத்து, ஊதிவிட்டு மறுபடி அமுக்கினேன். மருந்து வந்தது. ஆனால் அவளால் இழுக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்ன மாதிரியே, உள்ளே போக வழி இல்லை. பாதி ஆவி வாய் வழியாகத் திரும்பி வந்தது. பயந்துபோனேன். என் பிள்ளை என் மடியிலேயே செத்துவிடும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குள் இவர் யாரோ தெரிந்தவரின் அம்பாசடரோடு வந்து சேர்ந்தார். உள்ளூர் டாக்டர் ஒரு ஊசியைப் போட்டு, "இங்க ஆக்சிசன் இல்லீங்க, நிக்காமச் சேலம் போயிருங்க" என்றார். சேலம் ரோட்டில் வழியெல்லாம் வாழைக்கன்றும் வெள்ளைப் பூசணியும் விற்கிற கூட்டம். கழுவித் துடைத்த லாரிகள் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு பூசைக்கு நின்றன. இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே வந்தார். பட்டறையில் அதிர்ந்து பேசாத மனிதர் அவர். கோமதி என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி தளர்ந்தபோதெல்லாம் நான் அவளை உலுக்கினேன்.

அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் போனதும் மூக்குக்கு ஆக்சிஜன் மாட்டினார்கள். கையில் டிரிப்ஸ் ஏற்றி, அதில் அமினோஃபிலின் என்ற மருந்தைக் கலந்தார்கள். பம்ப் செய்கிற வேலையை ரத்தத்தின் வழியாகச் செய்கிற மருந்து அது. வேகமாக ஏற்றினால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். சொட்டு சரியாக விழுகிறதா என்று நர்ஸ் வந்து வந்து பார்த்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நல்ல கோபம். "பம்ப் எங்கே? வாங்கிக் கொடுத்தது எதுக்கு?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன்.

"இது என்ன பொட்டு?"

சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மருந்து கொடுக்காததுக்கு எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். மறந்துட்டோம்பாங்க, பழக்கமாயிடும்பாங்க. சாமிக்கு வெச்சுட்டோம்னு இப்பதாம்மா கேக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதற்கப்புறம் அழுகை மட்டும் வெகுநேரம் நிற்கவில்லை.

பண்டிகை நாள் முழுவதும் அந்த வார்டிலேயே கழிந்தது. ஆஸ்பத்திரி நாட்களை எழுதுகிறவர்கள் பில்லைப் பற்றி அழுவது வழக்கம். நான் அழப்போவதில்லை, இவர் கட்டினார், எப்படிக் கட்டினார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இவரால் சும்மா உட்கார முடியவில்லை. டிரிப்ஸ் ஸ்டாண்டின் சக்கரம் நகர்த்தும்போதெல்லாம் கிறீச்சென்றது, கோமதி தூக்கத்தில் திடுக்கிட்டாள். வாட்ச்மேனிடம் ஸ்பேனர் வாங்கி வந்து தரையில் மல்லாந்து படுத்துச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாட்டுக் கேரியரோடு பஸ் ஏறி வந்திருந்த நங்கையா அதைப் பார்த்துவிட்டார். "ஏண்டா, ஆயுத பூசையும் அதுவுமா ஸ்பேனரத் தொடறயே, உருப்படுவயா?"

"இது ஆஸ்பத்திரி ஸ்பேனரு, அக்கா. இதுக்கு யாரும் பொட்டு வெக்கல, நான் நல்லாப் பாத்துட்டேன்" என்றார் இவர் கட்டிலுக்கு அடியிலிருந்து. ஆக்சிஜன் குழாயோடு கோமதி சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. நங்கையா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரி, பிள்ளைக்கு என்ன என்று கேட்டபோது அவரே சொன்னார்: "ஆஸ்துமாங்க. எங்க புள்ளைக்கு ஆஸ்துமா." ஈஸ்னோபீலியா என்ற பேச்சே அவர் வாயில் அதன் பிறகு வரவில்லை.

அன்று சாயங்காலம் கோமதி கேட்டாள். "ஏம்மா, உங்க ஆபீஸ்லயும் பூசை போட்டீங்கல்ல?"

"போட்டோம் சாமி."

"அப்புறம் எப்படி ஹெட்மாஸ்டர் போன் பண்ணுனாரு?"

"போர்டுக்குப் பொட்டு வெச்சோம் கண்ணு. லீவு குடுக்கல. ஊர்ல யாருக்கு எப்ப என்ன ஆவும்னு தெரியுமா? அதுபாட்டுக்கு வேலையில இருக்கோணும்."

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். "நான் கேட்டேம்மா" என்றாள் பிறகு. "கை தூக்கிக் கேட்டேன். டீச்சர்கிட்டயும் கேட்டேன், கிளார்க் சார்கிட்டயும் கேட்டேன். அவருதான் கற்பூரம் காட்டியாச்சு, கொஞ்சம் பொறுத்துக்க சாமின்னு சொன்னாரு. அப்புறம் எனக்குப் பேச்சு வல்ல."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. எல்லா விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த பிள்ளை அவள் ஒருத்திதான்.

விஜயதசமி கழிந்ததும் ஹெட்மாஸ்டர் பார்க்க வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், காகிதப் பொட்டலத்தில் பூசைப் பொரிகடலை. கட்டிலருகே நின்று கோமதியின் நெற்றியில் விபூதி பூசினார்.

"என்னங்க பண்றது, சம்பிரதாயமாப் போச்சுங்க. கற்பூரம் காட்டுனத எடுக்கோணும்னா மனசு வருதுங்களா?"

"சார், உங்க பிரம்பும் அந்தப் பூசையிலதான் இருந்துச்சு. அதை எடுக்காம இருந்தீங்க, அது நல்ல காரியம். மருந்த எடுத்திருக்கோணுமில்லீங்க? சரஸ்வதி கோவிச்சுக்குவாளா? அவளும் ஒரு பொம்பளதானுங்க. புள்ள மூச்சுக்குத் தவிக்கறப்ப, என்ற வீணையைக்கூட எடுத்துக்கடான்னு குடுத்திருப்பா."

அந்த நேரம் வார்டுக்குள் வந்த டாக்டரம்மாதான் குறுக்கே வந்தார். "ஐயா, ஒரே ஒரு விஷயம். பம்ப் இனி பீரோவுல இருக்கக் கூடாது, டீச்சர்கிட்டயும் இருக்கக் கூடாது. இவ கையில இருக்கணும். யாரையும் கேக்காம இவளா எடுத்து அடிக்கணும். முடியுமா, முடியாதா?"

"வேற புள்ளைங்க எடுத்து அடிச்சுட்டா..."

"நான் வந்து அந்தப் புள்ளைங்களுக்குச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. சொன்னபடி வரவும் வந்தார். ஒரு சைக்கிள் டியூபைக் கொண்டுவந்து மடக்கிக் காட்டிப் பாடம் நடத்தினார். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பிள்ளையும் பம்ப்பைத் தொடவில்லை. இவள் இருமினால் போதும், நாற்பது பிள்ளைகளும் "அடி கோமதி, அடி" என்று கத்துவார்களாம். டீச்சருக்குப் பாடம் நடத்த முடியவில்லை என்று புகார் வந்தது. அந்தப் புகாரை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இவர் பட்டறையில் அலுமினியத்தைக் கடைந்து பம்ப் உட்காருகிற மாதிரி ஒரு கூடு செய்தார், தூசி போகாமல் மூடியோடு. நங்கையா கோமதியின் பாவாடைகளில் எல்லாம் இடுப்போரம் உள்பக்கமாக ஒரு பை தைத்தார். "மறைவாவும் ஆச்சு, கைக்கும் ஆச்சு" என்றார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றிய யோசனை அவரை முழுசாக விடவில்லை போலிருக்கிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூசைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். பர்மிஷன் போட்டுவிட்டு, சாம்பிராணி போடக் கூடாது என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். கிளார்க்கே வாசலில் வந்து, "சாம்பிராணி இல்லீங்கம்மா, ஊதுபத்தியும் வெளியதானுங்க" என்றார். திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் சுவரோரம் நின்றேன்.

பூமி உருண்டை, மணி, பிரம்பு எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பிள்ளைகள் பேனா, ஜாமெட்ரி பாக்ஸ், புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். கோமதி தன் கணக்குப் புத்தகத்தை வைத்தாள். ஹெட்மாஸ்டர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். போன வருஷத்தை ஈடுகட்ட வேண்டும் என்று அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கோமதி, உன்ற மருந்துக்கும் ஒரு பொட்டு வெச்சரலாமா சாமி? கற்பூரம் காட்டுன கையோட எடுத்துக்கலாம். நானே எடுத்துக் குடுக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். ஆனால் கோமதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவாடை இடுப்பை ஒரு கையால் பொத்திக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காத குரலில் சொன்னாள்:

"இது வேலையில இருக்குதுங்க சார். இதுக்கு லீவு கெடையாது."